லா தூர்: பாஸ்டலில் ஆளுயரப் படம். எப்படி நின்றது, எங்கே கெட்டது?

#1 மேகவண்ணன்
பிரான்சில் பதினைந்தாம் லூயி அரசவையில் பாஸ்டல் (நிறத்தூளைப் பிசினில் பிசைந்து உருட்டிய கட்டி) வைத்தே பெயர் வாங்கிய ஓவியர் மோரிஸ் காந்தேன் த லா தூர் (1704–1788). லூவரில் இருக்கும், ராஜாவின் நாயகி பொம்பதூர் சீமாட்டியை அவர் எழுதிய படம் 1755-ஆம் ஆண்டு சலோன் என்ற பொதுக் கண்காட்சிக்கு வந்தது. அளவு ஏறத்தாழ 177 × 131 செ.மீ. இவ்வளவும் எண்ணெய் இல்லாமல் வெறும் உலர்ந்த தூள்!

எனக்கு மூன்று கேள்விகள். அந்தக் காலத்தில் அவ்வளவு பெரிய தாள் எங்கே கிடைத்தது? தூள் உதிராமல் 270 வருஷம் எப்படித் தாங்கியது? கலைக்களஞ்சியம் தொகுத்த எழுத்தாளர் திதெரோ இவரை "அற்புதமான இயந்திரக்காரர்" என்று சொன்னது பாராட்டா, குத்தலா? தொழில் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள். பொதுவான புகழ்ச்சி வேண்டாம், அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது.

#2 ஏட்டுப்பூச்சி
முதலில் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிக்கார்டி பகுதியில் சேன் காந்தேன் ஊர்க்காரர். பையனாகவே பாரிஸ் வந்து தொழில் கற்றார். 1720-ல் வெனிஸிலிருந்து ரொசால்பா கரியேரா பாரிஸ் வந்து ஒரு வருஷம் போலத் தங்கினார். அவர் கையால் பாஸ்டலில் முகம் எழுதிக்கொள்ளப் பெரிய வீடுகள் வரிசையில் நின்றன. அந்த மோகம் ஓய்வதற்குள் லா தூர் தொழிலுக்கு வந்துவிட்டார்.

1737-ல் ஓவியர்களுக்கான ராஜ அகாதமி லா தூரை முதல்படியில் ஏற்றது. முழு உறுப்பினர் ஆனது 1746-ல். 1748 சலோனில் ராஜா, ராணி மரி லெசின்ஸ்கா, தளபதி சாக்ஸ் என்று ஒரே சுவரில் அரசவையே தொங்கியது. 1750-ல் ராஜாவின் ஓவியர் என்ற பட்டம்.

அரசவைக்கு பாஸ்டல் ஏன் வசதி என்றால், காய வேண்டியதில்லை, எண்ணெய் நாற்றம் இல்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெர்சாய் அரண்மனைக்கே போய்விடலாம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு ராஜா எழுந்து போனாலும் வேலை கெடாது. அடுத்த வாரம் விட்ட இடத்தில் தொடரலாம். எண்ணெயில் அது நடக்காது. பாதி காய்ந்த பரப்பின் மேல் தொட்டால் நிறம் மங்கும்.

#3 கரித்துண்டு
தாள் கேள்விக்கு வருகிறேன். பெரிய தாள் என்று ஒன்று கிடையவே கிடையாது. கையால் செய்த தாளின் அளவை, அச்சுச் சட்டத்தைக் கூழ்த்தொட்டியிலிருந்து ஆள் தூக்க முடிகிற அளவுதான் தீர்மானிக்கும். பெரிய வகையே ஒரு மீட்டர் நீளத்தை ஒட்டித்தான் வரும். பொம்பதூர் படத்தில் எட்டுத் தாள்கள் ஒட்டுப்போட்டிருக்கின்றன.

அடித்தளம் இப்படி: மரச்சட்டத்தில் லினன் துணியை இழுத்து ஆணி அடிப்பார்கள். அதன் மேல் மாவுப்பசை தடவி நீலத்தாளை ஒட்டுவார்கள். ஓரங்களைச் சீவி மெலிதாக்கி ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைக்க வேண்டும். சீவாமல் ஒட்டினால் அந்த வரம்பில் கட்டி இடறி, தூள் கோடாகச் சேர்ந்துவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அந்தக் கோடு போகாது. காய்ந்த பிறகு பியூமிஸ் கல்லால் லேசாகத் தேய்த்து ரோமம் (தாளின் நார்நுனிகள்) எழுப்புவார்கள். தூள் உட்காருவது அந்த ரோமத்தில்தான். பிசின் ஒட்டுவதெல்லாம் இரண்டாம் பட்சம்.

முக்கியமானது: முகம் தனித்தாள். முகத்தை மட்டும் ஆளை எதிரே உட்காரவைத்துச் சின்னத் தாளில் முடித்து, வெட்டி, பெரிய பரப்பில் அதன் இடத்தில் பதிப்பார்கள். உடை, மேசை, கம்பளம் எல்லாம் ஆள் இல்லாமல் ஸ்டூடியோவில் நடக்கும் வேலை. பொம்பதூர் வெள்ளைப் பட்டுக் கவுனோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கத் தேவையே இல்லை.

#4 மேகவண்ணன்
அப்போது அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரியுமே?

#5 பழுப்புத்தாள்
நேரே நின்று பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் தாழ்வாக விளக்குப் பிடித்தால் தலையைச் சுற்றி ஒரு மேடு எழும்பித் தெரியும். காரணம் பசை மட்டும் இல்லை. இரண்டு தாள்களும் ஈரத்தில் ஒரே மாதிரி விரிவதில்லை. தொட்டியில் நார் படியும் திசையில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் விரியும். தலைத்தாளைத் திசை மாற்றி ஒட்டியிருந்தால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் அந்த ஓரம் இழுபடும். முதலில் தூள் உதிர்வதும் அங்கேதான்.

அந்தத் தாள் ஏன் நீலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவுரிச் சாயமிட்ட கந்தல் துணியை அரைத்துச் செய்தது. அது நடுத்தரமான, குளிர்ந்த நிறம் என்பதால் வெளிச்சம், நிழல் இரண்டையும் உடனே அதன் மேல் அளந்துவிடலாம். தாடைக்கும் நெற்றிப்பொட்டுக்கும் வேண்டிய நீலச்சாயல் தாளிலிருந்தே இலவசமாகக் கிடைக்கும். வெளிச்சத்தில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்த நீலம் சாம்பலாகி, பிறகு பழுப்பாகிவிடும். அப்படி ஆன படத்தில் முகம் மஞ்சளடித்துத் தெரியும். ஓவியருக்கு நிறம் தெரியவில்லை என்று எழுதிவிடுகிறார்கள், பாவம்.

#6 கரித்துண்டு
முகம் எழுதும் வரிசை, சேன் காந்தேனில் லெகுயே அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய முன்தயாரிப்புத் தலைகளிலிருந்து ஓரளவு பிடிபடுகிறது. உடம்பே இல்லாத முகமூடி மாதிரியான தலைகள் அவை. பாடகி மரி ஃபெல்லின் தலை அங்கேதான் இருக்கிறது. சில தலைகள் பாதியில் நின்றவை என்பதால் அடுக்குகள் அப்படியே தெரிகின்றன.

முதலில் கறுப்புச் சுண்ணத்தால் சாய்வும் அச்சும் மட்டும். கண் வரையமாட்டார், கண்குழியின் இடத்தைத்தான் குறிப்பார். அடுத்து மென்மையான கட்டியைப் படுக்கவைத்து நடுத்தரத் தோல் நிறத்தைப் பெரிய பரப்புகளாக இழுத்து, விரலால் ஒருமுறை அழுத்துவார். விரல் தேய்ப்பு இந்த ஒரு அடுக்கோடு சரி. அதன் மேல் தேய்க்காத கோடுகள்: கன்னத்தில் சிந்தூரமும் காவியும், தாடை ஓரத்தில் பச்சைச் சாம்பல், வாயோரத்தில் ஊதா. ஒன்றின் மேல் ஒன்றாக, வடிவத்தைச் சுற்றிப் போகிற கோடுகள். ஆறடி தள்ளி நின்றால் அவை தோலாகிவிடும். கடைசியில் வெள்ளை: மூக்கு நுனி, கீழிமையின் ஈரம், கீழுதடு. அழுத்திய ஒரே தொடுதல். வெள்ளையை முன்னாலேயே கொண்டுவந்தால் அது மேலே வருகிற ஒவ்வொரு நிறத்திலும் கலந்து முகம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

தவறு எங்கே என்றால், தாளின் ரோமத்துக்கு ஒரு கொள்ளளவு உண்டு. மூன்று நான்கு அடுக்குக்கு மேல் போனால் கட்டி வழுக்கும், நிறம் ஏறாது, தேய்க்கத் தேய்க்கப் பளபளக்கும். அப்போது பன்றிமயிர்த் தூரிகையால் தூளைத் தட்டி எடுத்து, ரொட்டியின் உள்மாவால் ஒற்றி, அந்த இடத்தை மட்டும் மறுபடி தொடங்கலாம். அதையும் ஒரே இடத்தில் இரண்டாம் முறை செய்தால் ரோமம் செத்துவிடும்.

#7 ஏட்டுப்பூச்சி
இதை லா தூரே ஒப்புக்கொண்டிருக்கிறார். பொம்பதூரின் தம்பி மரிஞி அரசுக் கட்டடங்களின் இயக்குநராக இருந்தார். அவருக்கு 1763-ல் எழுதிய கடிதத்தில் பாஸ்டலின் சங்கடங்களை அடுக்குகிறார். தூள் பறக்கிறது, சில நிறங்களுக்கு வலு இல்லை, வேண்டிய நிறம் கையில் வருவதே இல்லை, தாளின் மேலேயே பல கட்டிகளால் அதை உண்டாக்க வேண்டியிருக்கிறது, அதற்குள் முன்னால் செய்தது பாழாகிறது, உயிர் போய்விட்டால் மீட்க வழியில்லை. எண்ணெயில் கலந்த நிறம் தூரிகை நுனியில் தயாராக இருக்கிறது என்று பொறாமைப்படுவது மாதிரியே எழுதுகிறார்.

#8 வெள்ளைச்சுண்ணம்
"வேண்டிய நிறம் கையில் வருவதே இல்லை" என்பதற்கு விளக்கம் கட்டி செய்யும் முறையில் இருக்கிறது. எண்ணெய்க்காரர் பத்துப் பன்னிரண்டு நிறம் வைத்துக்கொண்டு பலகையில் கலந்துகொள்வார். பாஸ்டலில் பலகை இல்லை. ஒவ்வொரு சாயலுக்கும் ஒரு கட்டி வேண்டும். அதனால் பெட்டியில் கட்டிகள் நூற்றுக்கணக்கில் சேரும்.

பழைய முறையிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு தொடக்க அளவு. டிராகாகாந்த் பிசின் 3 கிராம், தண்ணீர் 1 லிட்டர். இரவு முழுக்க ஊறவிட்டு மறுநாள் துணியில் வடிகட்ட வேண்டும். இது கெட்டிக் கரைசல். இதில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டது நடுத்தரம், அதையும் பாதியாக்கினால் மெலிசு. நிறத்தூளில் இதைச் சொட்டுச் சொட்டாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதம் வந்ததும் விரல் பருமனுக்கு உருட்டி, உறிஞ்சுதாளில் வைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் ஆகாது. மேல் தோல் முதலில் இறுகி உள்ளே வெடிக்கும்.

எல்லாவற்றுக்கும் ஒரே கரைசல் போடுவதுதான் வழக்கமான தப்பு. சிந்தூரம் கனமான துகள், கெட்டிக் கரைசல் கேட்கும். காவியில் களிமண் கலந்திருப்பதால் மெலிசு போதும். பிரஷ்யன் நீலமும் கார்மைன் சிவப்பும் வெறும் தண்ணீரிலேயே கல்லாக இறுகும் குணம் உள்ளவை. அவற்றில் பிசின் கூடினால் தாளைக் கீறும், நிறம் இறங்காது. சோதனை எளிது: உலர்ந்த கட்டி தாளில் அழுத்தாமலே நிறம் விட வேண்டும், ஆனால் விரலால் பிடித்ததும் நொறுங்கக் கூடாது. தவறிவிட்டால் அரைத்து மறுபடி பிசையலாம், நஷ்டம் இல்லை.

சாயல் இறக்க, முழு நிற மாவைப் பாதியாக வெட்டுங்கள். ஒரு பாதியைக் கட்டியாக உருட்டிவிட்டு, மறுபாதியில் அதே அளவு வெள்ளைச் சுண்ண மாவைச் சேர்த்துப் பிசையுங்கள். மறுபடி பாதி. நாலு தடவையில் ஐந்து சாயல் வரும். நிழல் பக்கத்துக்கு வெள்ளைக்குப் பதில் எலும்புக் கரி, அதுவும் பாதி அளவு போதும். கரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

#9 மேகவண்ணன்
அருமை. இப்போது இரண்டாவது கேள்வி. ஃபிக்ஸேட்டிவ் (தூளை ஒட்டவைக்கத் தெளிக்கும் பசைநீர்) அடித்திருந்தால் உதிரும் பயமே இல்லையே? அந்தக் காலத்தில் இல்லையா?

#10 பழுப்புத்தாள்
இருந்தது, அதுவும் ரகசியமாக. லோரியோ என்ற இயந்திர நிபுணர் 1753-ல் அகாதமியில் தன் முறையைக் காட்டினார். செய்முறை வெளியே வந்தது 1780-ல்தான். மீன்பசையைத் தண்ணீரில் காய்ச்சி, வடித்த சாராயத்தைச் சேர்த்து, விறைப்பான தூரிகையை அதில் தோய்த்து, இரும்புக் கம்பியால் மயிரை இழுத்துவிட்டுப் பனிபோலத் தெளிப்பது. லா தூரும் பல முறைகளை முயன்றவர்.

ஃபிக்ஸேட்டிவ் ஏன் கெடுக்கிறது என்பதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. பாஸ்டலின் ஒளிர்வு துகளுக்கும் அதைச் சுற்றிய காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் பிறக்கிறது. காற்றின் ஒளிவிலகல் எண் 1.0, சுண்ணாம்புக்கு 1.6. வெளிச்சம் ஒவ்வொரு துகளிலும் பட்டுச் சிதறுவதால் அது வெள்ளையாகத் தெரிகிறது. பசை உள்ளே போய்க் காற்றின் இடத்தைப் பிடித்தால் அந்த எண் 1.5 ஆகிவிடுகிறது. 1.5-க்கும் 1.6-க்கும் நடுவே சிதறல் ஏறக்குறைய இல்லை. சுண்ணாம்பு கண்ணாடிபோல் ஆகி அடியில் உள்ள தாள் தெரியும். சிந்தூரத்தின் எண் மிக உயரம், அதனால் அது பெரிதாக மாறாது. ஆகவே ஒரே முகத்தில் வெள்ளை மங்கி, சிவப்பு அப்படியே நிற்கும். சமநிலை போயிற்று. மெல்லத் தெளித்தால் குறைவாகக் கெடும், கெடாமல் இருக்காது. இன்று ஏரோசால் டப்பாவில் வருவதும் அதே கதைதான்.

#11 கரித்துண்டு
ஒரு சின்னத் திருத்தம் மட்டும். நடு அடுக்கில் மெல்லத் தெளித்து, மேல் அடுக்கைத் தெளிக்காமல் விடுகிற வழக்கம் உண்டு. ரோமம் கொஞ்சம் மீளும், கடைசிக் கோடுகளின் ஒளிர்வும் போகாது. பழுப்புத்தாள் சொன்ன கெடுதல் மேல் அடுக்கில் தெளித்தால்தான் முழுசாக வரும்.

#12 சட்டம்_போடுபவர்
அப்போ தாங்கியது எதனால்? கண்ணாடியால், ஐயா. பாஸ்டலுக்குக் கண்ணாடி அலங்காரம் இல்லை, படத்தின் ஒரு பாகம். பெரிய படம் என்றால் பெரிய கண்ணாடி. ஊதித் தயாரிக்கும் கண்ணாடியில் அளவு குறைவு. சேன் கோபேன் கண்ணாடித் தொழிற்சாலையில் மேசையில் வார்த்துப் பெரிய பலகை எடுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆளுயரப் பாஸ்டல் என்ற யோசனைக்கே அர்த்தம் வந்தது. நீதிமன்றத் தலைவர் த ரியூவின் படம் (1741 சலோன், இப்போது கெட்டி அருங்காட்சியகத்தில்) ஏறத்தாழ 200 × 150 செ.மீ. அந்த அளவில் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்தால் எவ்வளவு பணம் என்று யோசியுங்கள். படம் மாட்டுகிறவன் தன் பணத்தைக் காட்டுவதும் அதில் ஒரு பங்கு.

சட்டம் போடும்போது கவனிக்க வேண்டியவை. கண்ணாடிக்கும் தாளுக்கும் சின்னப் படத்தில் குறைந்தது 5 மி.மீ. இடைவெளி, ஒரு மீட்டர் தாண்டினால் 10 மி.மீ. துணி தொய்ந்து முன்னால் வரும், கதவை அடித்துச் சாத்தினால் அதிரும், அதற்கு இடம் வேண்டும். சாதாரண அக்ரிலிக் ஷீட் போடவே கூடாது. துடைத்தால் நிலைமின் ஏறித் தூளை இழுத்துக்கொள்ளும், உள்பக்கத்தில் ஆளின் நிழல்படம் பதிந்திருக்கும். கண்ணாடி ஓரத்தைச் சுற்றி ஒட்டு நாடாவால் மூட வேண்டும், பின்னால் பலகை. வெளிச்சுவரில் மாட்டாதீர்கள், சுவர் ஈரம் முதுகு வழியாக ஏறும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மாவுப்பசையிலும் பிசினிலும் பூஞ்சை பூக்கும். கறுப்பு உடையில் முதலில் தெரியும்.

பழைய கண்ணாடியே அழுவதும் உண்டு. பொட்டாசியம் மிகுந்த அந்தக் காலக் கண்ணாடி ஈரத்தை இழுத்து, உள்பக்கத்தில் நுண்துளியாகக் கசியும். அந்தத் துளி காரத்தன்மை உள்ளது. கீழே வழிந்தால் பிரஷ்யன் நீலம் பழுப்பாகிவிடும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது அனுபவம் உள்ளவர் வேலை. கழற்றும்போது படத்தைப் படுக்கவைத்து, முகம் மேலே பார்க்க வேண்டும்.

#13 தேவதாரு
எல்லாம் சரி, ஆனால் இந்த இழையே திதெரோ பக்கம் சாய்கிறது! தாள், பசை, கண்ணாடி என்று பேசிக்கொண்டே போனால் அவர் சொன்ன "இயந்திரக்காரர்" உறுதியாகிவிடும். லா தூர் படங்களில் ஆள் பேசுகிறான். தத்துவவாதி ரூசோவின் படத்தைப் பாருங்கள் (1753 சலோன்). வைக்கோல் நாற்காலி, சாதாரண அங்கி, கண்ணில் ஒரு சந்தேகம். இது பசையால் வருமா?

#14 ஏட்டுப்பூச்சி
திதெரோ 1767-ல் சொன்னதன் சாரம்: இவரிடம் உணர்ச்சிவேகம் இல்லை, தொழில்நுட்பத்தில் மேதை, அற்புத இயந்திரக்காரர். அதே திதெரோதான் வேறு இடங்களில் இவரைத் தலைமேல் வைத்துப் பேசுகிறார். எனக்கு அது குத்தலாகத் தெரியவில்லை. தன் காலத்தில் இயந்திரங்களை மதித்துக் களஞ்சியம் தொகுத்த ஆள் பேசுகிறார்.

பொம்பதூர் படத்தின் மேசையைப் பாருங்கள். மொந்தெஸ்கியூவின் சட்டங்கள் பற்றிய நூல், வோல்தேரின் காவியம், கலைக்களஞ்சியத்தின் 4-ஆம் தொகுதி, அதன் முதுகில் எண் தெரிகிறது. அந்தக் களஞ்சியத்தின் முதல் இரண்டு தொகுதிகளை 1752-ல் அரசவை மன்றம் தடை செய்திருந்தது. மூன்று வருஷம் கழித்து ராஜாவின் நாயகி அதைத் தன் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பொதுக் கண்காட்சியில் நிற்கிறாள். கையில் இசைத்தாள். நகை ஒன்று கிடையாது. இதற்கு லா தூர் கேட்ட விலை 48,000 லீவ்ர் (அந்தக் காலப் பிரெஞ்சுப் பணம்), கிடைத்தது 24,000 என்று அவர் காலத்துக் கலைச் சேகரிப்பாளர் மரியெட் குறித்திருக்கிறார். பாதி கிடைத்தாலும் அது பெரிய தொகை.

வெர்சாயில் அவர் நடந்துகொண்ட விதம் பற்றி நிறையக் கதைகள். ராஜா உள்ளே வந்ததும், குறுக்கே யாரும் வரக் கூடாது என்று வாக்களித்தீர்களே என்று கட்டியைக் கீழே வைத்தாராம். நமக்குக் கடற்படை இல்லையே என்று ராஜாவிடமே சொல்ல, கடல் வரைகிற வெர்னே இருக்கிறாரே என்று பதில் வந்ததாம். இவை பிற்காலத்தில் மெருகேறியவை, அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

#15 தேவதாரு
மேசையும் புத்தகமும் அவள் தேர்வாகவே இருக்கலாம். நான் கேட்டது முகத்தை. 1755-லேயே சில விமர்சகர்கள் அந்த முகம் அளவுக்கு மீறி வேலை செய்யப்பட்டது என்றார்களே?

#16 கரித்துண்டு
சொன்னார்கள், அதில் உண்மை இருக்கிறது. சேன் காந்தேனில் அவளுடைய முன்தயாரிப்புத் தலை இருக்கிறது. அதில் இருக்கும் துடிப்பு பெரிய படத்தில் கொஞ்சம் அடங்கிவிட்டது. காரணம் முகத்தை வெட்டி ஒட்டிய பிறகு சுற்றியுள்ள வெள்ளைப் பட்டோடும் பச்சைச் சுவரோடும் பொருந்தவைக்க மறுபடி தொட வேண்டியிருக்கும். ஏற்கனவே நிறைந்த ரோமத்தின் மேல் தொட்டால் கோடு நிற்காது, தேயும். தேவதாரு, பேசுகிற முகமும் இந்த இயந்திரமும் ஒரே விஷயம்தான். ரூசோவில் பேச்சு இருப்பதற்குக் காரணம் அங்கே கடைசிக் கோடுகள் தேய்க்கப்படாமல் நிற்கின்றன. மார்பளவுப் படம், ஒட்டு வேலை குறைவு.

வயதாக ஆக அவருக்குக் கை நிற்கவில்லை. ஓவியர் ரெஸ்தூவை எழுதி 1746-ல் அகாதமிக்குக் கொடுத்த படத்தைப் பல வருஷம் கழித்துத் திரும்ப வாங்கித் திருத்துகிறேன் என்று கெடுத்தது ஊரறிந்தது. எண்ணெயில் திருத்தினால் அடியில் பழையது இருக்கும், என்றாவது ஒருவர் சுரண்டி மீட்பார். பாஸ்டலில் பழையது தரையில் தூளாகக் கிடக்கும்.

#17 தேவதாரு
முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டேன். அதே காலத்துப் பாஸ்டல் ஓவியர் பெரோனோவும் அதே தாள், அதே கட்டி. 1750 சலோனில் லா தூரைப் பெரோனோ எழுதிய படமும், லா தூர் தன்னைத்தானே எழுதிய படமும் ஒரே கண்காட்சியில் இருந்தன. பெரோனோவின் பச்சைக் கோடுகள் இன்னும் துணிச்சலானவை, நிறம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆள் யார் என்று கேட்டால் லா தூர் படத்தைத்தான் காட்டுவோம். அது கண்ணில் இருந்த திறமை.

#18 வெள்ளைச்சுண்ணம்
அதே பெரோனோ 1753-ல் அகாதமிக்குச் சேர்க்கைப் படங்களாகக் கொடுத்த இரண்டும் எண்ணெய் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓவியர் உத்ரியின் படமும் சிற்பி ஆதாமின் படமும். பாஸ்டலை விலை கொடுத்து வாங்கியவர்கள் ஏராளம், மதிப்புக் கொடுத்தவர்கள் கம்மி.

#19 மேகவண்ணன்
கடைசியாக ஒன்று. ஏலங்களில் "லா தூர் பாணி", "லா தூர் வட்டம்" என்று அடிக்கடி வருகிறதே. நகலை எப்படிப் பிரிப்பது?

#20 பழுப்புத்தாள்
படத்தை முதலில் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். கைச்சட்டத் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கம்பிக்கோடுகள் தெரியும். எந்திரத் தாள் 19-ஆம் நூற்றாண்டு, அத்தோடு விஷயம் முடிந்தது. அடுத்து ஒட்டு. நகல் எடுப்பவருக்கு முகம் தனியாகத் தேவைப்படாது, முன்னால் முழுப் படம் இருக்கிறதே. பெரிய அளவுப் படத்தில் தலைத்தாள் ஒட்டு இல்லை என்றால் சந்தேகப்படலாம். மூன்றாவது கோடு. நகல்காரர் மேல்தோற்றத்தைப் பின்பற்றுவதால் கன்னத்தை விரலால் வழவழப்பாக்கி, அதன் மேல் ஒன்றிரண்டு கோடுகளை அலங்காரமாக இழுப்பார். லா தூரின் கோடு வடிவத்தைச் சுற்றிப் போகும், அடியில் தொடங்கும். கடைசியில் நீலம் வெளுத்திருக்கிறதா என்று சட்டத்தின் அடியில் மறைந்த ஓரத்தைப் பாருங்கள். 250 வருஷம் வெளிச்சம் பட்ட தாளில் அந்த ஓரம் மட்டும் நீலமாக இருக்கும். எல்லாம் ஒரே பழுப்பு என்றால் தேநீரில் முக்கியிருக்கிறார்கள்.

#21 ஏட்டுப்பூச்சி
அசல் இவ்வளவு ஒரே ஊரில் சேர்ந்திருப்பதற்கு ஒரு காரணம், அந்தக் காலத்தில் விலை போகாததுதான். அவர் இறந்தது 1788-ல். ஸ்டூடியோவில் இருந்தவை தம்பி வழியாக 1807-ல் சேன் காந்தேன் நகரத்துக்கு வந்தன. விற்று, அவர் 1782-ல் தொடங்கிய இலவச ஓவியப் பள்ளிக்குப் பணம் சேர்க்கலாம் என்று பாரிஸில் ஏலம் போட்டார்கள். கேட்ட விலை அற்பம். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். முதல் உலகப் போரில், 1917-ல் ஜெர்மன் படை அவற்றை மோபேழ் ஊருக்குக் கொண்டுபோனது. போர் முடிந்து லூவருக்கு வந்து, 1932-ல் புதிதாகக் கட்டிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பின.

#22 சட்டம்_போடுபவர்
அப்படி ஏற்றி இறக்கினால் சேதம் இல்லாமல் இருக்காது. ஒரு படத்துக்கு அதிர்ச்சி பட்டிருக்கிறதா என்று பார்க்க, சட்டத்தின் கீழ் உள்விளிம்பில், கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே, தூள் வரியாகச் சேர்ந்திருக்கிறதா பாருங்கள். எந்த நிறம் அதிகம் கிடக்கிறதோ அந்த நிறக் கட்டியில் பிசின் குறைவு என்று அர்த்தம். அதைத் துடைத்துவிடாதீர்கள், முதலில் போட்டோ எடுங்கள். அடுத்த தடவை பார்க்கும்போது வரி வளர்ந்திருந்தால் மாட்டிய சுவரை மாற்ற வேண்டும்.